பபூனுக்கு மோர் கொடுத்த கதை

நான் பார்த்த நாடக ராஜபார்ட்டுகளிலேயே பெரியவர் அவர்தான். வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து கம்பம் வரைக்கும், அவர் படம் போட்ட நோட்டீஸ் சுவரில் ஒட்டினால் அன்று ராத்திரி அந்த ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். கிரீடம் வைத்து, கன்னத்தில் ரோஸ் பவுடர் பூசி, மீசை வரைந்துகொண்டு வந்து நின்றால் இருபது வயது ராஜகுமாரன். உண்மையில் அப்போதே அவருக்கு அறுபதுக்கு மேல். முழங்கால் போட்டு உட்கார்ந்து அழுகிற கட்டத்தில், அழுது முடித்துத் தானாக எழுந்திருக்க அவரால் முடியாது. கூட நடிக்கிற ஸ்திரீபார்ட் அம்மா, "நாதா, கலங்காதீர்கள்" என்று வசனம் சொல்லிக்கொண்டே கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். அதுவும் நடிப்புதான் என்று நினைத்து நாங்கள் அழுவோம்.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. பாடிக்கொண்டே கொசு அடிப்பார். தாளம் தப்பாது.

இவர்களை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். மூன்று தடவையும் வெளியூர், மூன்று தடவையும் கடைசி வரிசை. முன்னால் இருந்தவர்களின் கொண்டைகளுக்கு நடுவே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த முகத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் இடித்துக்கொண்டு முன்னே போக எனக்கு வராது. நான் பேசமாட்டாத ஆள். கடைக்குப் போனால் சாமானைக் கையால் காட்டித்தான் வாங்குவேன். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால் ஊர்ப் பெயர் தொண்டையில் நின்றுகொள்ளும். நான் நீட்டுகிற சில்லறையைப் பார்த்து அவராக ஊரைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

என் மூத்த மகளுக்குக் கல்யாணமான மறுவருஷம், எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கே அவர்களைப் பேசி முடித்தார்கள். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் திருவிழாக் கமிட்டியில் இருந்தார். பெரிய மீசை, பெரிய குரல். திராட்சை வியாபாரிகள் அவரிடம் விலை பேசுவதற்குமுன் ஒரு டீ குடித்துத் தெம்பு ஏற்றிக்கொள்வார்கள். அவரே சொன்னார், "பொம்பளைக பக்கம் மொத வரிசைல ஒனக்குச் சாக்கு விரிச்சு வைக்கச் சொல்லிருக்கேன்" என்று.

அப்படிச் சொன்னவர் பிறகு ஒரு நிபந்தனையும் போட்டார். அதற்குக் காரணம் ஒரு வாத்து.

எங்கள் பக்கம் நெல் அறுத்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள். மலைக்கு அந்தப் பக்கமிருந்துகூட வருவார்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால், எங்கள் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வயலில் முந்நூறு வாத்து மேய்ந்தது. ஒன்றிரண்டு வரப்பு தாண்டி வந்துவிட்டதாம். வாத்துக்காரரைத் திட்ட இவர் போனார். நான் சோற்றுத் தூக்கோடு போய்ப் பார்க்கிறேன், இவர் மோட்டார் ரூம் மொட்டை மாடியில் நிற்கிறார். கீழே ஒரே ஒரு வாத்து, கழுத்தை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"முந்நூறும் ஒண்ணாச் சேந்து வெரட்டிருச்சு" என்றார் மேலேயிருந்து.

நான் அந்த ஒரு வாத்தைப் பார்த்தேன்.

"மத்ததெல்லாம் இப்பத்தான் போச்சு" என்றார்.

வாத்துக்காரர் வந்து அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூரப் போனபிறகுதான் இவர் இறங்கினார். இறங்குகிறவரை மேலே நின்றே அவரைத் திட்டினார். அந்த மனுஷர், "மொதலாளிய வீட்டுல வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பாவமாக இருந்தது. இவர் என் பக்கம் திரும்பி, "இது மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு, அந்த ராஜபார்ட்ட நீ மறந்துர வேண்டியதுதான். சாக்கும் கெடையாது, நாடகமும் கெடையாது" என்றார்.

ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

திருவிழா அன்று மத்தியானம். வீட்டுக்காரர் மேடை போடுகிற இடத்தில் இருந்தார். வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஒல்லி. கைலி, தோளில் துண்டு, கக்கத்தில் குடை. வெயிலில் வாடி, தண்ணீர் விடாத கத்திரிச்செடி மாதிரி இருந்தார்.

"கமிட்டிக்காரக வீடு இதானா தாயி? ஐயா இருக்காகளா?"

வாத்துக்காரரை நான் அன்றைக்கு முகம் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் ஒல்லி, அவர் கையிலும் குடை. வந்து பார்க்கிறேன் என்று சொன்னவர் சொன்னபடி வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவு திட்டு வாங்கிய மனுஷரை வாசலில் நிறுத்தி வைக்கலாமா? உட்காரச் சொல்லி ஒரு செம்பு மோர் கொடுத்தேன். என்ன தைரியம் வந்ததோ, நானாகவே பேச்செடுத்தேன்.

"வாத்து விசயமா வந்தீகளா?"

அவர் செம்பை வாயிலிருந்து எடுத்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"ஆமா தாயி. வாத்து விசயந்தான்."

அப்புறம் நான் பேசியதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. இவர் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், பயத்தில் அப்படித்தான் பேசுவார், மோட்டார் ரூமில் ஏறும்போது வேட்டி கம்பியில் மாட்டிப் பாதி கிழிந்துவிட்டது, அந்தக் கோபம் வேறு. எல்லாம் சொன்னேன். அவர் நடுநடுவே, "அடப் பாவமே!" "அப்புறம் தாயி?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு மரியாதையாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எத்தனை வாத்து தாயி?"

வீட்டுக்காரரின் மானத்தை விடலாமா? "முந்நூறு" என்றேன்.

இரண்டாவது செம்பு மோரையும் குடித்துவிட்டு, "ஐயாவ ராத்திரி பாத்துக்கிறேன்" என்று போய்விட்டார்.

ராத்திரி முதல் வரிசையில், என் சாக்கில், நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தேன். திரை பத்தடி தூரத்தில் இருந்தது. ராஜபார்ட் வருவதற்குமுன் பபூன் வந்து ஒரு மணி நேரம் சிரிக்க வைப்பது வழக்கம். கட்டம் போட்ட கால்சட்டை, சிவப்புத் தொப்பி, மூக்கில் வெள்ளைப் பொட்டு. துள்ளிக் குதித்து வந்து ஒரு பாட்டுப் பாடினார். பாட்டு முடிந்ததும் ஆர்மோனியக்காரரைப் பார்த்து, "அடப் பாவமே!" என்றார்.

மத்தியானம் என் மோரைக் குடித்தவரின் அதே குரல். பபூன் எந்த ஊருக்குப் போனாலும் மத்தியானமே ஊருக்குள் சுற்றி, ஊர்க்கதை பொறுக்கி, ராத்திரி மேடையில் அவிழ்ப்பார் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வீடு தேடி வந்து மோர் குடிப்பார் என்றுதான் தெரியாது.

"ஏண்ணே, இந்த ஊருத் திராட்சை மட்டும் இப்பிடி இனிக்குதே, என்ன காரணம்?"

"தண்ணி நல்ல தண்ணிப்பா" என்றார் ஆர்மோனியக்காரர்.

"அது இல்லண்ணே. இங்கன ஒருத்தரு தோட்டத்தக் கீழ நின்னு பாக்கவே மாட்டாராம். மோட்டார் ரூம் மேல ஏறி நின்னுதான் பாப்பாராம்."

"மேல எதுக்கு ஏறுனாரு?"

"விருந்தாளிக வந்துட்டாக."

"எத்தன பேரு?"

"முந்நூறு பேரு. அம்புட்டுப் பேருக்கும் மஞ்ச மூக்கு. வந்தவுக சும்மா வரல, வேட்டிய வேற கேட்ருக்காக. அவரும் பாதியக் கிழிச்சுக் குடுத்துட்டாரு!"

கூட்டம் சிரித்தது. நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். பெயர் சொல்லவில்லை. ஊரில் மோட்டார் ரூம் வைத்திருப்பவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதை என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆம்பிளைகள் பக்கத்தில் ஒரு பெரிய குரல் கேட்டது. "ஏலே! நிறுத்துடா! பொய்யி! நான் மோட்டாரு ரிப்பேரு பாக்கத்தான் மேல ஏறுனேன்!"

ஊரே அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து யாரோ, "ஓ, நீங்கதானா மாமா!" என்றார்கள்.

பபூன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நான் பேரே சொல்லலையே!"

"என் வீட்டுக்காரி அன்னைக்கு அங்கனதான் நின்னா. அந்தா மொத வரிசைல இருக்கா. அவளையே கேளு!"

மைக்கின் வயரை இழுத்துக்கொண்டு பபூன் மேடை நுனிக்கு வந்து குனிந்தார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அவரும் கொஞ்சம் பதறித்தான் போனார். ஆனால் கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறதே.

"தாயி, எதுத்தாப்புல அம்மன் பாத்துக்கிட்டு இருக்கா. முந்நூறு வாத்து ஐயாவ வெரட்டுச்சா, இல்லையா?" என்று மைக்கை என் வாயருகே நீட்டினார்.

மேடை அம்மனைப் பார்த்துத்தான் போட்டிருந்தது. அம்மன் முன்னால் பொய் கூடாது. வீட்டுக்காரரையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வார்த்தை கிடைத்தது.

"இல்ல" என்றேன்.

"பாத்தியாடா!" என்று வீட்டுக்காரர் மீசையைத் தடவினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அம்மன் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"முந்நூறு இல்ல" என்றேன். "ஒண்ணுதான்."

தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் நாலும் அதைச் சொல்லின. பக்கத்து ஊருக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஆர்மோனியக்காரர் பெட்டிமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பெட்டி ஒரு தடவை தானாக ஊளையிட்டது. பபூன் மேடையில் மல்லாந்து படுத்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சுருதி சுத்தமான சிரிப்பு. ராஜபார்ட்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

வீட்டுக்காரர் பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"எந்திரி. பாத்த நாடகம் போதும்."

"விடுண்ணே, ராஜா இன்னும் வரலையே" என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு. எந்திரி புள்ள!"

எழுந்து சாக்கைச் சுருட்டக் குனிந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. நாலாவது தடவையும் முகம் பார்க்காமல் போகப்போகிறேன்.

ஆர்மோனியம் சுருதியை உயர்த்தியது. ராஜபார்ட் உடனே மேடைக்கு வருவதில்லை. திரைக்குள்ளேயே முதல் அடியைப் பாடுவார். குரல் மட்டும் முதலில் வரும். அன்றைக்கும் அது வந்தது. வீட்டுக்காரர் திரும்பினார். வாயில் இருந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது.

"ஏ மாமா, மறைக்குது! போங்க, இல்ல உக்காருங்க!" என்று பின்னாலிருந்து பெண்கள் கத்தினார்கள். ஒரு கிழவி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தப் பாட்டு மட்டும் முடியட்டும்" என்று என்னிடம் கடுகடுத்துவிட்டு, என் சாக்கில் பாதியைப் பிடித்து உட்கார்ந்தார். சுற்றிலும் அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒரே மீசை.

திரை விலகியது. ராஜா வந்தார். ரோஸ் பவுடர், கிரீடம், நெற்றியில் ஒவ்வொரு ஜிகினாவும் தனித்தனியாகத் தெரிந்தது. பாடிக்கொண்டே எங்கள் வரிசையைப் பார்த்தார். மீசையைப் பார்த்ததும் உதடு லேசாகத் துடித்தது. ஆனாலும் பாட்டை விடவில்லை.

முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. யாரோ வீட்டுக்காரர் மடியில் ஒரு கை வேர்க்கடலை கொட்டினார்கள். ராஜாவிடமிருந்து கண்ணை எடுக்காமல் உரித்துத் தின்றார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் எனக்குப் பயம் தெளிந்து கொஞ்சம் குறும்பு வந்தது. அவர் காதருகே குனிந்து, "கெளம்புவமாங்க?" என்று கேட்டேன்.

"ஏய், பேசாம இரு" என்றார். "அடுத்த பாட்டு எடுக்கப் போறாரு."