ஹைப்போ குடித்த பசு

அப்போது நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் இருட்டறை வேலை பார்த்தேன். ஆப்செட் அச்சுக்காக எடுத்த பிலிமை ஹைப்போ உப்புக் கரைசலில் கழுவிக் காயப்போடுவதுதான் பிழைப்பு. சோறு பிசையும்போதுகூடக் கையில் அந்தப் புளிச்ச வாடை அடிக்கும்.

ஆமத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா, வெடிமருந்து பற்றிக் கை வெந்தபின் பட்டாசு வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒரு கறவைப் பசுவை நம்பிக் குடும்பத்தை ஓட்டினாள். மாடு போனால் மறுபடி பட்டாசுக் கம்பெனி மருந்து அறைதான்.

ஆவணியில் பெய்த ஒரு மழையை நம்பி விதைத்த சோளம், புரட்டாசி முழுக்க வானம் பொய்த்ததில் முழங்கால் உயரத்தோடு வதங்கி நின்றது. கருகப்போவதை மாடாவது தின்னட்டும் என்று அக்கா அவிழ்த்துவிட்டாள். விளையாத பயிரானாலும் வீணாக விட எங்கள் பக்கம் மனசு வராது.

மதியம் பிரஸ்ஸுக்கு போன் வந்தது. மாட்டு டாக்டரம்மா.

"உங்க அக்கா மாடு வாடுன சோளத்தத் தின்னு விழுந்து கெடக்கு. இருந்த ஒரு ஊசியப் போட்டுட்டேன். வயித்துல மிச்சம் கெடக்கிற விஷத்தை முறிக்க ஹைப்போ வேணும். உங்க பிரஸ்ல இருக்கும்ல? ஓடியாங்க."

பிலிம் கழுவுகிற உப்பை மாட்டுக்கா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போர்மேனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். காலண்டர் சீசனில் ஒண்ணுக்குப் போகக்கூட விடாத மனுஷன். அன்றைக்குப் பிரிக்காத ஹைப்போ பை ஒன்றையும் தன் பைக் சாவியையும் கையில் திணித்தார்.

"கழுவுன தண்ணியக் கொண்டு போயிராதலே. புதுசக் கொண்டு போ."

நான் போனபோது பசு காலை நீட்டிக் கிடந்தது. அதன் தலை அக்கா மடியில்.

"ஏலே, நான்தான்லே அவுத்து விட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டாக்டரம்மா உப்பைக் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கினார். "நீங்க என்னம்மா செய்வீக? மழையில்லாம வாடுனா இளஞ்சோள இலையில விஷம் ஏறிரும். நல்ல மழ பெஞ்சு, பயிர் வளந்து கதிர் வாங்கிட்டா இறங்கிரும். போன வருஷம் இதே இலையத்தான தின்னுச்சு? ஒண்ணும் ஆகலையே."

பொழுது சாயும்போது பசு தள்ளாடி எழுந்தது. அந்த அம்மாவையும் போர்மேனையும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை தானாகக் கும்பிடுகிறது.

மறுநாள் விடிகாலை பட்டாசுக் கம்பெனி வேன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது. மாடு விழுந்த சேதி அதற்குள் எட்டியிருக்கிறது.

"என்னம்மா, வாரீகளா?" என்றார் டிரைவர்.

பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள்: "நான் வரலண்ணே. நீங்க போங்க."