கைதட்டல் வாங்கிய வலிப்பு

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வேலை போன கவலையில் இருந்தவனைக் கண்டியில் நடந்த மூச்சுப் பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப்போனேன். வலிப்பைப் பற்றி முதலிலேயே சொன்னேன். "பயப்படாதீங்க, மூச்சுதான் மருந்து" என்றார் டீச்சர்.

வேகவேகமாக மூச்சிழுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தம்பி, "அக்கா, விரலெல்லாம் மடங்குது" என்றான்.

"நிறுத்தாதீங்க தம்பி, கவலை வெளிய போகுது" என்று டீச்சர் மைக்கில் சொன்னார். அவன் விழுந்தான், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அவர் கைதட்டச் சொன்னார், மண்டபமே தட்டியது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தபடி நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பேராதனை ஆஸ்பத்திரியில் அவன் கண் விழிப்பதற்குள், அவன் விழுந்து துடித்ததை மண்டபத்தில் எடுத்த வீடியோ டீச்சரின் பேஸ்புக்கில் வந்துவிட்டது. 'துக்கத்திலிருந்து விடுதலை' என்று தலைப்பு. அதை நீக்கச் சொல்லி டீச்சருக்குப் போன் பண்ணினேன். "ஏங்க, எத்தனை பேருக்கு நம்பிக்கை கொடுக்குது" என்றார்.

அடுத்த வகுப்புக்கு இடமே இல்லையாம்.