துல்பீரின் இடது காது

நேபாளத்துக் குல்மி மலைக்காரன் துல்பீர் ஆலேக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவரிடம் அவன் அதைச் சொல்லவில்லை. அந்த வருஷம் அவர் பிடித்த பதினோரு பேரில் ஒருவனாக, வறுத்த மக்காச்சோளத்தை மடியில் கட்டிக்கொண்டு இந்திய எல்லைக்கு நடந்தான்.

வழியெல்லாம் அவனுக்கு ஒருவன் மேலேயே கண். பக்கத்து ஊர் மன்லால் புன். காளி கண்டகி ஆற்றைத் தாண்டியதிலிருந்து துல்பீரின் வலப்பக்கத்தை விட்டு அவன் நகரவில்லை.

"ஏன்டா ஒட்டிக்கிட்டே வர்றே?"

"உங்கப்பன் போட்ட பாதையா இது?" என்று மன்லால் சிரித்தான்.

ஆள் பிடிப்பவர் வைத்த ஒற்றனோ? துல்பீர் அதன்பிறகு அவனிடம் அளந்தே பேசினான்.

முகாமில் டாக்டர் இடது காதருகே கடிகாரத்தைப் பிடித்து, "கேக்குதா?" என்றார். கேட்பதாகச் சொல்லித் தப்பினான். அணிவகுப்பில்தான் வந்தது தொல்லை. ஹவில்தார் கஜ்மான் இடப்பக்கம் நின்று கட்டளையிடும்போதெல்லாம், பக்கத்தில் நின்ற மன்லாலின் முழங்கை துல்பீரின் விலாவில் இடித்தது. ஐந்தாம் நாள் குளிக்கும் குழாயடியில் துல்பீர் அவனை ஓங்கி அறைந்தான்.

"என்னை மாட்டிவிடப் பாக்கிறியா?"

மன்லால் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "மாட்டிவிடணும்னா நான் சும்மா இருந்தாலே போதுமே. ஆத்தங்கரை இரைச்சல்ல உன் இடப்பக்கம் நின்னு 'பாம்பு, பாம்பு'ன்னு கத்தினேன். நீ பாட்டுக்கு அதைத் தாண்டிப் போனே. அப்பவே தெரியும்."

துல்பீர் துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். தெரிந்தவன் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பான்?

அடுத்த வாரம் துப்பாக்கிப் பயிற்சி. மன்லால் வேறு வரிசையில் இருந்தான். வெடிச்சத்தத்துக்கு நடுவே இடப்பக்கமிருந்து வந்த "நிறுத்து!" என்ற கட்டளைக்கு எல்லோரும் நிறுத்த, துல்பீர் மட்டும் இன்னொரு குண்டு சுட்டான். ஹவில்தார் அவன் இடது காதருகே வந்து மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். துல்பீர் திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி உத்தரவானது.

மன்லால் சொல்லிக்கொடுத்துத்தான் ஹவில்தார் அந்தக் காதைச் சோதித்தார் என்று கறுவியபடி அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருக்கையில், கோவேறு கழுதைக் கொட்டடிக்குப் போகும்படி சொல்ல ஆள் வந்தான். அங்கே பொறுப்பிலிருந்த நாயக் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் ஊர்க்காரன் ஹவில்தார் காலைப் பிடிச்சுட்டு விடவே இல்லையாம். 'கழுதையா கட்டளை போடப்போகுது? அதை மேய்க்க ஒரு காது போதாதா?'ன்னு கேட்டானாம். ஹவில்தார் சிரிச்சுட்டாரு."

துல்பீர் நேரே மன்லாலிடம் போய் நின்றான். "உனக்கு என்கிட்ட என்ன வேணும்?"

"நம்ம ஊர்ப் பேச்சு பேச ஒரு ஆள் வேணும்டா. வேற என்ன?"

துல்பீர் நம்பவில்லை. அரை மாதம் அவன் நீட்டிய பீடியைக்கூடத் தொடவில்லை. பிறகு ஒரு மழைநாளில் வாங்கிப் பற்றவைத்தான்.

பதினாறு வருஷம் கழுதைகளோடு கழித்துவிட்டு, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினான். தன் மகனுக்கு மன்லாலின் மகளை முடித்த அன்றும் மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்: "இதுல அவனுக்கு என்ன லாபம்?"