வாட்டு வாசலில் ஒரு வாளி

எங்கள் சனத்துக்குச் சுத்தம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் கிணற்றடிக்குப் போகாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டோம். பிள்ளை பிறந்த வீடென்றால் துடக்கு, அங்கே போய் வந்தாலும் முழுக்கு. ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு வந்தால் உடுப்பைக் கூட வாசலிலேயே கழற்றிப் போடுகிற வீடுகள் உண்டு. எல்லாம் வந்த பிறகுதான். போவதற்கு முன்னால் கையைக் கழுவவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவர்கள் கழுவுவது தங்களுக்காக. படுத்திருக்கிறவரைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வாட்டில் நான் தாதியாக இருந்தேன். யுத்தம் நடந்த, அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, மருந்து இல்லை, சவுக்காரமும் இல்லை. சனம் பனங்களியில் உடுப்புத் தோய்த்தது. பிரசவத்துக்குப் பாவிக்கிற கத்தரிக்கோல் போன்ற ஆயுதங்களை விறகடுப்பில் அவித்தோம். அப்படியிருந்தும் பின்னேரம் பார்வையாளர் நேரம் வந்தால் வாட்டு திருவிழாப் போல நிறைந்துவிடும். வெங்காயத் தோட்டத்து மண்ணோடு வருவார்கள், சைக்கிள் செயின் எண்ணெயோடு வருவார்கள், வந்த கையோடு பிள்ளையைத் தூக்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் ஒளித்து வைத்திருந்த சவுக்காரக் கட்டி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்தேன். வாட்டு வாசலில் ஒரு வாளி தண்ணீர், அள்ளி ஊற்ற ஒரு பேணி, ஒரு துண்டுச் சவுக்காரம். கழுவாதவருக்கு உள்ளே இடமில்லை என்றேன். எனக்கு வாய் நீளம் என்று ஏற்கனவே பெயர் இருந்தபடியால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

அந்தக் கிழமை ஜன்னலோரக் கட்டிலில் இணுவில் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கலியாணம் முடித்து நெடுங்காலம் கழித்துக் கிடைத்த பிள்ளை. அதுவும் மாதம் நிரம்புமுன்னே பிறந்து, என் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. “இதை ஆரும் தொடக்கூடாது, கிருமி பட்டால் தாங்காது” என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, “மிஸ், அப்பா வருவார். நீங்கள்தான் அவருக்குச் சொல்லவேணும். நான் சொன்னால் கேக்கமாட்டார்” என்றாள்.

அப்பா வந்தார். ஊரில் பெரிய மனிதர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. அதற்கு எலுமிச்சங்காயைத் துளைத்து விரலில் செருகியிருந்தார்.

அவருக்கு முன்னால் நின்றவர் பருத்தித்துறைக் கடற்கரையிலிருந்து மனைவியைப் பார்க்க வந்த கடற்றொழிலாளி. அந்த மனிதர் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். கழுவி முடித்து, மரியாதையாகப் பேணியை இவரிடம் நீட்டினார். இவர் கையை இழுத்துக்கொண்டார்.

“என்ன பிள்ளை இது? உவன் தொட்ட பேணியை நானும் தொடவேணுமோ?”

கடற்கரைக்காரர் பேணியை வாளிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் பேணியை எடுத்துத் தண்ணீர் அள்ளினேன்.

“நீங்கள் பேணியைத் தொடவேண்டாம் ஐயா. நான் ஊத்திறன், கையை நீட்டுங்கோ.”

“நான் விடியவே முழுகிக் கோயிலுக்குப் போட்டு வந்த ஆள். எனக்குத் துடக்கில்லை.”

“இது துடக்கில்லை ஐயா, கிருமி. உங்கடை விரலிலை சீழ் கிடக்கு.”

அவர் நேரே பெரிய டொக்டரின் அறைக்குப் போனார். நாங்கள் ஆயுதம் அவிக்கிற விறகு அவர் வளவிலிருந்து வருகிற விறகு. டொக்டர் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துச் சொன்னார்: “உந்த வாளியை எடுங்கோ மிஸ். ஆக்களை அவமானப்படுத்தக் கூடாது.”

விறகு தருகிறவர் சீழோடு உள்ளே போகலாம்! அந்த விறகில் கத்தரிக்கோலை மணிக்கணக்கில் அவித்தென்ன, அவிக்காமல் விட்டென்ன?

வாளியை எடுத்து வைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, அவர் மகளின் கட்டிலடியில் நின்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பார். தொட்டு வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதை இடக்கையால் செய்ய முடியுமா? அவருடைய இடக்கையில் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல காரியத்துக்கு வலக்கைதான் வேண்டும். எலுமிச்சங்காய் இடைஞ்சல் என்று கழற்றி மேசையில் வைத்தார். விரலைச் சால்வையில் துடைத்தார். சீனித்தண்ணீரில் தோய்த்தார்.

“அப்பா, கை கழுவினீங்களோ?” என்று மகள் கேட்டாள்.

“என்ரை பேரப்பிள்ளைக்கு என்ரை கையோ நஞ்சு?” என்று சிரித்தார்.

நான் “ஐயா!” என்று கத்தியபடி ஓடினேன். அதற்குள் விரல் பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. பிள்ளை பாவம், பால் என்று நினைத்துச் சப்பியது.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளை பால் குடிக்காமல் விட்டது. உடம்பு கொதித்தது, பிறகு குளிர்ந்தது. தேவையான ஊசிமருந்து எங்களிடம் இல்லை. அவர் சைக்கிளில் குடாநாடெங்கும் அலைந்தார், அதை மறுக்கமாட்டேன். பருத்தித்துறை வரை போய்க் கேட்டார். மருந்தோடு அவர் வந்து சேர்ந்தபோது அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மருந்துக் குப்பியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. எதற்கு வாங்குவது?

டொக்டர் குறைமாதப் பிள்ளை என்றார், தடையைக் குறை சொன்னார். தடை பொல்லாததுதான். மருந்தை மறித்தவர்களை நான் ஒருநாளும் மன்னிக்கமாட்டேன். ஆனால் வாளியை மறித்தது தடையா? சவுக்காரம் அங்கேயே இருந்தது, தண்ணீரும் இருந்தது. மருந்தில்லாத ஊரில் எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே மருந்து அதுதான். அதையும் நாங்களே எடுத்து மூலையில் வைத்தோம்.

அவளைத் தனியே அனுப்ப மனம் வராமல் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆண்கள் பிள்ளையை அடக்கம் செய்யக் கொண்டுபோனார்கள். நான் அவளோடு முன் அறையில் இருந்தேன். ஜன்னலால் வேலியின் வாசல் படலை தெரிந்தது. யாரோ படலையடியில் ஒரு வாளி தண்ணீரும் பேணியும் கொண்டுவந்து வைத்தார்கள். சுடலைக்குப் போனவர்கள் கை கால் கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாதே.

ஒவ்வொருவராக வந்து கழுவினார்கள், பேணி கைமாறிக்கொண்டிருந்தது. குழி வெட்ட உதவியவரும் கழுவினார். அவருக்குப் பின்னால் பெரிய மனிதர் வந்தார். பேணியை அவர் கையிலிருந்து வாங்கினார். முதல் தொட்டவர் யார் என்று கேட்கவில்லை. சால்வையைத் தோளில் ஏற்றிவிட்டு, முழங்கை வரை, விரலிடுக்கெல்லாம், ஆறத் தொடங்கியிருந்த அந்த விரலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

பக்கத்தில் இருந்தவள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

“இப்ப ஆருக்காக அப்பா கழுவிறியள்?”

அவர் நிமிர்ந்தார். படலையில் நின்றவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் கையில் பேணி பாதித் தண்ணீரோடு நின்றது. ஊற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இன்றுவரையும் வரவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் வாளியை எடுத்துத் திரும்பவும் வாட்டு வாசலில் வைத்தேன். டொக்டர் வந்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பேணியில் தண்ணீர் அள்ளி, “கையை நீட்டுங்கோ, டொக்டர்” என்றேன்.