எதிர் பால்கனிக்குக் கேட்கும்படி

"எங்க கட்டடத்து லிஃப்ட் என் கல்யாணத்தன்னிக்கு நின்னுச்சு. இப்ப என் பையனுக்கே கல்யாணம்."

கைப்பேசியில் யாரோ எழுதியதை ஷவ்கியா உரக்கப் படிக்கிறாள். மடியில் முலூக்கியா கீரை. எதிர் பால்கனியில் துணி உலர்த்தும் ஹில்மியின் தாய், உம் ஹில்மி, வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுக்கிறாள்.

"நல்லதாப் போச்சுடி. மருமக கோவிச்சுக்கிட்டு ஓட நினைச்சாலும் அஞ்சு மாடி இறங்கணும்ல!"

ஷவ்கியா அந்த வரியைக் குறித்துக்கொள்கிறாள்.

அலெக்சாந்திரியாவின் வார இதழ் ஒன்றுக்கு, ஊரார் இணையத்தில் எழுதுவதைத் திரட்டிப் பெயரோடு தருவது அவள் வேலை. எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதியதெல்லாம் எடுத்தாளத் தக்கதுதானா என்று இருபது நாள் யோசித்தாலும் தீராது. அவள் யோசிப்பதில்லை, பால்கனிக்கு வந்துவிடுகிறாள். அந்தச் சந்தில் ஒரு வீட்டுப் பேச்சு ஐந்து வீட்டுக்குக் கேட்கும். சிலவற்றுக்கு எதிர்வீடு பதில் சொல்லும். சிலவற்றுக்குக் காது கேளாததாகிவிடும். உம் ஹில்மி வாய் திறந்தால் வரி அச்சுக்குப் போகும். இதை நல்ல அளவுகோல் என்று சொல்லிவிட முடியாது. உம் ஹில்மிக்குப் பல்வலி வந்த வாரம் எத்தனையோ நல்ல வரிகள் வீணாயின.

சென்ற வாரம், கடல் காற்று சந்துக்குள் புகுந்து விரிப்புகளெல்லாம் கப்பல் பாய்களாய் உப்பி நின்ற மாலையில், ஸுப்ஹி என்பவனின் வரியைப் படித்தாள். தனியார் கடற்கரை ஒன்றில் நீந்துவோரைக் காக்கும் வேலை அவனுக்கு.

"இப்பல்லாம் கடல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. முழங்கால் தண்ணிக்கு மேல என்னால போக முடியல."

உம் ஹில்மி ஒரு துண்டை எடுத்தாள். பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துண்டு அது. கொடியில் போட்டு, நீவிவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

இதழாசிரியர் உஸ்தாத் வகீஹுக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. "மூவாயிரம் பேர் பார்த்தாச்சு மேடம். இதுல என்ன மூடுமந்திரம்? கோடை சீசன் வேற வருது. பேரோட போடுங்க."

போட்டால் ஸுப்ஹியின் வேலை போகும். போடாவிட்டால், அவனை நம்பிக் கடலில் இறங்கும் பிள்ளைகள்? உம் ஹில்மியின் மௌனம் இதற்கு விடை சொல்லவில்லை. ஷவ்கியா அவனையே அழைத்தாள். குரலுக்குப் பின்னால் அலை கேட்டது.

"எழுதும்போது யார்கிட்டயும் சொல்ற மாதிரியே இல்லைங்க. தூக்கத்துல பேசுற மாதிரி இருந்துச்சு."

"தூக்கத்துல பேசினா முழிச்சிருக்கிறவங்க காதுல விழுமேப்பா. அந்தக் கடல்ல பிள்ளைங்க இறங்குமே."

"சீசனுக்கு இன்னும் நாள் இருக்குங்க. நாளைக்கு நானே முதலாளிகிட்டச் சொல்லிடறேன். பேப்பரைப் பார்த்து அவர் தெரிஞ்சுக்க வேணாம்."

மறுநாள் மாலை அவனிடமிருந்து செய்தி வந்தது: "சொல்லிட்டேன். இனிமே குடை வாடகைக்கு விடுற வேலை. தண்ணிக்குப் போக வேண்டாம்."

அந்த வாரப் பத்தியை இதழுக்கு அனுப்பிய சற்று நேரத்தில், பால்கனிக் கம்பியோரம் ஸ்பீக்கரில் வைத்திருந்த கைப்பேசியிலிருந்து உஸ்தாத் வகீஹின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

"மேடம், அந்தக் கடல்காரன் வரி எங்கே? ஹலோ? கேக்குதா?"

ஷவ்கியா வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பிழிந்தாள். கொடியில் போட்டு, நீவிவிட்டாள்.