பாலத்தில் எடுத்த படம்

இந்த நாட்டில் நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால், திரும்பி வந்ததும் "ஹொலிடே எப்படி?" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் ஊர்விட்டு ஊர் போவது கல்யாணத்துக்கு, செத்தவீட்டுக்கு. இல்லாவிட்டால் உயிருக்குப் பயந்து. சும்மா பார்க்கப் போகிற சங்கதி எனக்குத் தெரியாது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நான் வேலை செய்த பெட்ரோல் ஷெட் மனேஜரிடம் "வெரி குட்" என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்ல?

நான் போனது என் தம்பி செல்வத்தைத் தேடி. நான் எங்கள் ஊர் அரியாலையை விட்டபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. ஏழு வருசம் கழித்து, லண்டனுக்கென்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவனை ஜெர்மனியில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். ஹைடெல்பேர்க் நகரத்துப் பழைய பாலத்தின் படம் போட்ட தபாலட்டை ஒன்று வந்தது. விலாசம் இல்லை. 'பூ விக்கிறன் அண்ணை. இந்தப் பாலத்தாலதான் நெடுகப் போறனான்.' பிறகு எட்டு மாதம் ஒரு சொல்லும் இல்லை. அம்மாவோ, 'ரெண்டு பேரும் சேந்து நிக்கிற படம் ஒண்டு எடுத்து அனுப்பு, எனக்கு அது காணும்' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். அகதி மனுக் கொடுத்தவன் அங்கே தன் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே நான்தான் போகவேண்டும்.

பயணப் பத்திரமும் விசாவும் இருந்தாலும், தமிழ் முகத்தைக் கண்டால் ரயிலிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அதனால் உல்லாசப் பயணி வேஷம் போட்டேன். இரவல் கோட்டு, தொப்பி, கழுத்தில் கமரா. மீசையையும் எடுத்தேன். எல்லைப் பொலிஸ்காரன் என்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஆற்றோரம் அழகான ஊர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மலையில் ஒரு இடிந்த கோட்டை. அதைப் பார்க்க டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றார்கள். எங்கள் ஊரிலும்தான் வீடுகள் இடிந்து கிடக்கின்றன, யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது. இரண்டு நாள் பாலத்தில் காத்துநின்றேன், மிச்ச நேரம் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையாக ஏறி இறங்கி, ரோசாப்பூ விற்கும் பெடியனைத் தெரியுமா என்று கையாலும் வாயாலும் கேட்டேன். ஒரு வெயிட்டர் மேசையிலிருந்த ரோசாவை எடுத்துத் தந்து தோளில் தட்டினான். எனக்குக் காதல் விவகாரம் என்று நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனடியில் பூ நிறைந்த வாளியோடு இரண்டு தமிழ்ப் பெடியன்களைக் கண்டேன். கிட்ட ஓடினேன்.

"தம்பி, அரியாலைச் செல்வம் எண்டு ஒராள்..."

மூத்தவன் என் தொப்பியையும் கமராவையும் பார்த்தான். "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை, ஐயா."

"நான் அவன்ரை அண்ணன்."

"போனமுறை வந்த ஆளும் ஆரோ ஒருத்தன்ரை அண்ணன் எண்டுதான் சொன்னவர். பிறகு எங்கடை ரெண்டு பேரைப் பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்."

நான் பயணப் பத்திரத்தை எடுப்பதற்குள் இருவரும் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். ஐயா என்று கூப்பிட்டானே, அதுதான் தாங்கேலாமல் இருந்தது.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. தபாலட்டைப் பாலத்தில் மறுபடி போய் நின்று, வருகிற முகம் எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில், அம்மாவுக்காக ஒரு படமாவது இருக்கட்டும் என்று ஒரு ஜெர்மன் கிழவியிடம் கமராவைக் கொடுத்தேன். "ஷோன், ஷோன்" என்று தங்கள் பாஷையில் அழகு பாராட்டி, என்னைச் சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன்.

லண்டனில் கழுவிய படத்தை, 'தம்பி வேலைக்குப் போயிட்டான், நான் மட்டும் நிக்கிறன்' என்று பொய் எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அம்மாவின் பதில் வந்தது.

'ஏன் பொய் எழுதினனி? ரெண்டு பேரும்தானே நிக்கிறியள். உனக்குப் பின்னால வாளியோட போறது செல்வம். அந்த இடத்தோள் சரிஞ்ச நடை பெத்தவளுக்குத் தெரியாதே? அவன் ஏன் மற்றப்பக்கம் திரும்பினவன்? உங்களுக்குள்ள ஏதும் கோவமோ?'

என் பிரதியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் ஒரு மெலிந்த முதுகு, பூ நிறைந்த வாளி, பாலத்தை விட்டு அவசரமாகப் போகும் கால்கள். நான் அவனைத் தெரியாமல் நின்றிருக்கிறேன். அவன் என்னைக் கண்டு பயந்திருக்கிறான்.

விடுப்புச் சேர்த்து மறுபடி போனேன், பழைய ஜம்பரோடு, மீசையோடு. அவனை அதிகாரிகள் வேறெங்கோ மாற்றிவிட்டார்கள் என்று பூ விற்கும் பெடியன்கள் சொன்னார்கள். எங்கேயென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தபாலட்டை எதுவும் அதற்குப் பிறகு வரவில்லை.

அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்களுக்கெல்லாம், என்ரை ரெண்டு பிள்ளையளும் வெளிநாட்டில ஒண்டாத்தான் இருக்குதுகள் என்று காட்டுகிறாராம். அதே படம் இங்கே லண்டனில் என் மோர்டன் வீட்டிலும் இருக்கிறது. அதில் நான் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.