வரியைவிடப் பெரிய கட்டணம்

கூரியர் ஆபீஸில் பார்சலை எடுத்துக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. அதன்மேல் போட்டிருக்கும் ‘கையாளும் கட்டணம்’ எதற்கு என்று பதில் சொல்வதுதான் மீதி நாள் முழுக்க வேலை. பூந்தமல்லி கிளையில் ஆறு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டுப் பார்சலுக்கான சுங்க வரியை எங்கள் கம்பெனி முதலில் கட்டிவிடும். பிறகு அந்த வரியையும், கட்டிக்கொடுத்ததற்கு ஒரு கூலியையும் சேர்த்து உங்களிடம் வாங்கும். திட்டு மட்டும் எனக்கு வரும். கட்டிவிட்டுத் திட்டியவர்களும், என்னைப்போல் எங்கேயோ உட்கார்ந்து திட்டு வாங்குகிறவர்களும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

திரும்பி வந்த முறுக்கு

ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் மதுரைக்கார அம்மா ஒருவர், ஜெர்மனியில் படிக்கும் மகனுக்கு எங்கள் கிளை வழியாக முறுக்கு அனுப்பினார். மகன் வீடு மாறியிருந்தான். வாங்க ஆளில்லாமல் டப்பா திரும்பி வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு என்று அதற்கு வரியும் கட்டணமும் விழுந்துவிட்டது.

இது இங்கிருந்து போனதுதான் என்று தலைமை அலுவலகத்துக்கு மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: பொருள் வாங்கிய பில்லை இணைக்கவும். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்: “அரிசி, உளுந்து வாங்குன பில்லு வேணுமாம்மா, இல்ல நான் சுட்ட கூலிக்கு பில்லு எழுதணுமா?”

காட்டுப்பாக்கத்து ஷூ

வெளிநாட்டிலிருந்து ஷூ வரவழைத்த காட்டுப்பாக்கத்துப் பையன் கட்டணத்தைக் கேட்டதும், வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று போனில் சொன்னான். திருப்பி அனுப்பவும் கட்டணம் உண்டு, அது இன்னும் அதிகம் என்றேன். உடனே சொன்னான்: “அப்போ நீயே போட்டுக்கினு நட மேடம், எனுக்கு இப்பவே கால் வலிக்குது.”

கேட்காத கடன்

பூந்தமல்லியில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறார் காதர் பாய். மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு ஒன்று கெட்டுப்போய், கல்யாண ஜாக்கெட்டுகள் பாதி பூவோடு நின்றுவிட்டன. சீனாவிலிருந்து புது போர்டு வந்ததுமே, “வரியை நானே கட்டிடறேன்” என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்திருக்கிறார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார். அதற்குள் கம்பெனி கட்டி, கட்டியதற்குக் கூலியும் எழுதிவிட்டது.

“முதல்ல எடுத்துட்டுப் போங்க பாய், அப்புறம் புகார் போடலாம்” என்றேன். ஜாக்கெட்டுக்கு ஆட்கள் காத்திருக்க, அவருக்கும் வேறு வழியில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து கவுண்டருக்கு வருவார். நான் இன்னும் பதில் வரவில்லை என்பேன். எனக்கே என் குரல் பிடிக்காமல் போனது. நாலு மாதம் கழித்து நியாயம் கிடைத்தது: அடுத்த வெளிநாட்டுப் பார்சலில் கழித்துக்கொள்ள ஒரு கூப்பன். இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: “இவங்ககிட்ட இன்னொரு தடவ மாட்டினாத்தான் இந்தக் காசு வருமாம்மா?”

பூஜ்யம்

திருமழிசையில் லேத் ஓட்டும் முருகேசனின் மகளுக்குக் காது கேட்காது. காதில் வைக்கும் கருவியின் பாகம் உடைந்து மூன்று வாரமாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. புதுப் பாகம் வந்தது. வரி பூஜ்யம். கட்டணம் மட்டும் குறையாமல் நின்றது. “கட்டாத வரிய கட்டிக்குடுத்ததுக்கா மேடம் கூலி?” என்று கேட்டார். பூஜ்யம் என்று நம்பிப் பஸ் காசோடு வந்திருந்தார். பெண்ணும் கூட வந்திருந்தாள். எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘கட்டணம் குறித்துத் தகராறு உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கட்டணம் வாங்காமலே டப்பாவைக் கொடுத்துவிட்டேன். அங்கேயே மாட்டினார்கள். வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததும் அவள் திடுக்கிட்டு, பிறகு சிரித்தாள். மறுநாள் காலையிலேயே தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு மெமோ. டெலிவரிக்குப் போகும் வாசு அதை வாங்கிப் பார்த்தான். “அக்கா, மாசக்கணக்கா புகார் போட்டா பதில் வர்ல. நீ ஒரே ஒரு நல்லது பண்ணே, பாரு, ஒரே நாள்ல வந்துகீது.”

அந்தக் கட்டணத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததற்குத் தனியாகக் கூலி போடாததை, இந்தக் கம்பெனி இதுவரை காட்டிய ஒரே சலுகையாக வைத்திருக்கிறேன்.